கொப்பரையில் வெந்த ஓட்டுகள்

தேர்தல் நடந்த அன்று சாயங்காலம், தன் பெண்டாட்டிக்கு விழுந்த ஓட்டுகளையெல்லாம் நிக்காசியோ கொப்பரையில் போட்டு வேகவைத்துவிட்டான். வேண்டுமென்றே செய்தானா, தெரியாமல் செய்தானா என்பதுதான் எலோடியாவின் கேள்வி. ஊருக்கு வேறு பல கேள்விகள் இருந்தன. அவளுக்கு இது ஒன்றுதான்.

ஊரின் பெயர் லா நோரியா. கிணறு என்று அர்த்தம். கிணறு கிடையாது. எந்தப் புண்ணியவான் அப்படிப் பெயர் வைத்தானோ, அவனும் நாக்கு வறண்டுதான் செத்திருப்பான். மலையடிவாரத்தில் ஒரு சுனை, அதிலிருந்து கழுதைமேல் கேன்களில் வரும் தண்ணீர், அதிலும் பாதி ஆடுகளுக்கு. சான் தெல்மோ நகராட்சியின் கடைசி வார்டு அது. மெக்சிகோவின் வடக்கு ஓரத்தில் உள்ள அந்த நகராட்சிக்குள் ஒரு சின்ன நாட்டையே கொண்டுவந்து வைக்கலாம். ஆட்களையோ ஒரு கல்யாணப் பந்தியில் உட்காரவைத்து எழுப்பிவிடலாம். வடக்கே எல்லை ஆறு. அதைத் தாண்டினால் டெக்சாஸ். லா நோரியாவின் பிள்ளைகளில் பாதிப் பேர் அங்கேதான் ஓட்டல்களில் தட்டு கழுவிக்கொண்டிருந்தார்கள்.

மீதிப் பேருக்கு மெழுகுச்செடிதான் சோறு. இலையே இல்லாமல் குச்சி குச்சியாக நிற்கும் செடி. அதைப் பிடுங்கிக் கட்டாகக் கட்டிக் கழுதைமேல் ஏற்றி, தண்ணீரும் அமிலமும் கொதிக்கும் கொப்பரையில் அமுக்கினால் நுரை பொங்கும். அந்த நுரைதான் மெழுகு. அது எங்கெங்கோ போய் யாரோ ஒரு சீமாட்டியின் உதட்டுச்சாயத்துக்குள் உட்கார்ந்துகொள்ளும். லா நோரியாப் பெண்களின் உதட்டில் வெடிப்புதான்.

நகராட்சித் தலைவர் பதவி, சான் தெல்மோ மாட்டுக்காரர்களின் வீட்டுக்குள்ளேயே அண்ணன், மச்சான், மருமகன் என்று சுற்றிவந்துகொண்டிருந்தது. இந்தத் தடவை தோன் ரொசெந்தோவின் முறை. மாட்டுக்காரர் சங்கத்தின் தலைவர் அவர்தான். எல்லைக்கு அப்பால் கன்று விற்று டாலர் பார்க்கிறவர். பிரச்சாரத்துக்கு வந்தபோது வீட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி கொடுத்தார். தண்ணீரே இல்லாத ஊருக்கு வாளி! அந்த வாளியைப் பார்த்த எரிச்சலில்தான் எலோடியா மனு தாக்கல் செய்தாள். ஒரே ஒரு வாக்குறுதி கொடுத்தாள். லா நோரியாவுக்குப் போர்க்கிணறு.

அன்றைக்கே நிக்காசியோ முணுமுணுத்தான்.

"நீ பாட்டுக்கு சான் தெல்மோவுல நாற்காலியில போய் உக்காந்துட்டா இங்க கட்டு கட்டுறது யாரு கிழவி? கர்னலா?"

கர்னல் என்பது அவர்கள் வீட்டுக் கழுதை.

"கர்னலுக்கு உன்னைவிட மூளை ஜாஸ்தி. சொல்லிக்குடுத்தா கட்டும்," என்றாள் எலோடியா.

அது உண்மையும்கூட. லா நோரியாவில் யாரும் கழுதையைப் பிடித்துக்கொண்டு நடப்பதில்லை. செடியை ஏற்றிப் பின்பக்கம் ஒரு தட்டு தட்டினால் அது தானாகவே கொப்பரைக்குப் போகும். அங்கே இறக்கிவிட்டு ஒரு தட்டு தட்டினால் தானாகவே திரும்பும். கழுதை கொண்டுவந்த கட்டைக் கொப்பரைக்காரனான நிக்காசியோ பிரித்துப் பார்க்கவும் மாட்டான். பிரித்துப் பார்த்தால், உள்ளே கல்லை வைத்து எடை ஏற்றியிருப்பானோ என்று அனுப்பியவனைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். இதற்காகவே கத்தியைத் தூக்கிய குடும்பங்கள் அங்கே உண்டு.

தேர்தலன்று ஓட்டுப்பதிவு முடிந்து, பள்ளிக்கூடத்துக் கொட்டகையில் எண்ண உட்காரும் நேரத்தில் புழுதிக்காற்று அடிக்க ஆரம்பித்தது. பெட்டியைத் திறந்தால் ஓட்டுகளை டெக்சாஸில்தான் போய் எண்ண வேண்டியிருக்கும். சரி, சான் தெல்மோவுக்கே கொண்டுபோய் எண்ணலாம் என்று முடிவானது. பெட்டி கொண்டுவந்த வண்டியோ ஓடை மணலில் அச்சுவரை புதைந்து கிடந்தது. ஆக, கர்னல்தான் கதி. அந்த அட்டைப்பெட்டியை ஒரு பக்கமாகத் தொங்கவிட்டால் பாரம் சாயும் என்று சாக்கில் சுற்றி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் செடிக்கட்டு வைத்து இறுக்கிக் கட்டினார்கள்.

கூடப் போனவர்கள் இரண்டு பூத் ஏஜெண்டுகள். எலோடியாவின் சார்பில் அவளுடைய சிநேகிதி ஒஃபேலியா. தோன் ரொசெந்தோவின் சார்பில் ஃபெர்மின்.

"கயித்தை நான் பிடிக்கிறேன்," என்றான் ஃபெர்மின்.

"ஏன், இழுத்துட்டுப் போய் உங்க எஜமான் தொழுவத்துல கட்டவா? நான் பிடிக்கிறேன்."

"நீ பிடிச்சா மட்டும் யோக்கியமா? ரெண்டு பேரும் பிடிக்க வேணாம். சட்டம் சட்டமா இருக்கட்டும்."

சட்டம் சட்டமாகவே இருந்தது. இருவரும் கையைக் கட்டிக்கொண்டு, ஒருவரையொருவர் கண்கொட்டாமல் கண்காணித்தபடி கழுதைக்குப் பின்னால் நடந்தார்கள். கழுதையை யாரும் கண்காணிக்கவில்லை. பாதை பிரியும் இடத்தில் கர்னல் வழக்கம்போலக் கொப்பரைப் பக்கம் திரும்பியது. ஏஜெண்டுகள் புழுதிக்குள் சண்டை போட்டுக்கொண்டே சான் தெல்மோ சாலையில் வெகுதூரம் போய்விட்டார்கள்.

கர்னல் கொண்டுவந்ததை நிக்காசியோ இறக்கினான், கொப்பரையில் போட்டான், காலால் மிதித்து அமுக்கினான், அமிலத்தை ஊற்றினான். நுரை கொஞ்சம் பச்சையாகப் பொங்கியது. செடி நல்ல இளசு போலிருக்கிறது என்று அவன் சந்தோஷப்பட்டான்.

சேதி தெரிந்ததும் எலோடியா கொப்பரைக்கு ஓடினாள்.

"கையில தூக்கினா ஈரச்செடியா காய்ஞ்ச செடியான்னு சொல்லுவியே! பெட்டி கனம் தெரியலையா உனக்கு?"

"ஆவி கண்ணுல அடிச்சுது கிழவி. கர்னல் கொண்டுவந்தா அது செடிதானே? எந்தக் காலத்துல கட்டைப் பிரிச்சுப் பாத்திருக்கேன்?"

"நான் ஜெயிக்கக்கூடாதுன்னுதானே செஞ்ச?"

"எங்க அம்மா மேல சத்தியமா இல்ல."

"உங்க அம்மாவுக்கும் என்னைப் பிடிக்காது," என்று சொல்லிவிட்டு எலோடியா தன் போர்வையை எடுத்துக்கொண்டு ஒஃபேலியா வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு புருஷனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசவில்லை என்பதால் ஊரும் பேசவில்லை. ஊரைவிட்டுத் தள்ளியிருந்த கொப்பரையடியிலேயே அவன் படுத்துக்கொண்டான். செடிக்கட்டுகள் வழக்கம்போல வந்தன. கழுதைகள் மட்டும்தான் அவனிடம் போய்வந்தன.

மற்ற வார்டுகளில் எண்ணிப் பார்த்தால், எலோடியாவுக்கும் தோன் ரொசெந்தோவுக்கும் சரிசமமான ஓட்டு. ஆக, எல்லாம் லா நோரியா பெட்டியில் இருந்தது. லா நோரியா பெட்டியோ மெழுகில் இருந்தது.

தலைநகரிலிருந்து தேர்தல் வக்கீல் இபார்ரா வந்தார். மூக்குக் கண்ணாடியும் பளபளக்கும் பூட்ஸும் போட்ட இளைஞர். சட்டப்படி ஓட்டுப்பெட்டியைக் கைப்பற்ற வேண்டும் என்றார். நிக்காசியோ ஆறிப்போன மெழுகுக் கட்டியைத் தூக்கி அவர் முன்னால் வைத்தான். அவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, முத்திரை ஒட்டி, கையெழுத்துப் போட்டு, துப்பாக்கி ஏந்திய சிப்பாய் துணையோடு சான் தெல்மோவுக்கு அனுப்பினார். அங்கே அதைச் சிறையில் பூட்டிவைத்தார்கள். இருந்ததே ஓர் அறை. அதில் வழக்கமாகப் படுக்கும் குடிகாரன், மெழுகுக்கு இடம் கொடுத்துவிட்டு வாசலில் படுத்தான்.

தோன் ரொசெந்தோவின் ஆட்கள் விடவில்லை. அந்த மெழுகில் பாதி எங்களுடையது என்றார்கள். ஒஃபேலியா எழுந்து, பச்சையாக இருக்கிற பாகமெல்லாம் எங்களுடையது, எங்கள் கட்சிச் சின்னத்தின் நிறம் அது என்றாள். வக்கீல் இரண்டையும் எழுதிக்கொண்டார். கடைசியில், மெழுகை எண்ண முடியாது, லா நோரியாவில் மட்டும் மறுதேர்தல் என்று தீர்ப்பு வந்தது.

அதற்குப் பிறகுதான் லா நோரியாவுக்கு யோகம் அடித்தது. தோன் ரொசெந்தோவுக்கு இப்போது அந்த ஊரைத் தவிர வேறு நினைப்பே இல்லை. முதலில் தண்ணீர் லாரி வந்தது. பிறகு மாவு மூட்டை வந்தது. பிறகு ஒருநாள் காலையில், மாட்டுக்காரர் சங்கத்தின் போர்வெல் லாரியே புழுதி பறக்க வந்து நின்றது. ஆடுகள் சிதறி ஓடின. கிழவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் குழாயை நட்டு இறக்க ஆரம்பித்தார்கள். அந்தச் சத்தம் பகலெல்லாம் மலையில் மோதித் திரும்பியது. ஊரில் எவருக்கும் அது இரைச்சலாகவே படவில்லை.

எலோடியாவுக்கு மட்டும் வயிறு எரிந்தது. அவள் வாக்குறுதியை எதிரி வந்து தோண்டிக்கொண்டிருந்தான். ஒருநாள் போர் மேஸ்திரிக்கு பீன்ஸ் வைத்துச் சுருட்டிய ரொட்டியைக் கொடுத்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தாள். மேஸ்திரி அபுந்தியோ வெளியூர்க்காரர். யார் ஜெயித்தாலும் அவருக்கு ஒன்றுதான்.

"தண்ணி வருமா மேஸ்திரி?"

"வரும்மா. ஈரமண்ணு வர ஆரம்பிச்சிருக்கு பாருங்க. கீழ பாறை ஒண்ணு இருக்கு, அதைத் தாண்டிட்டா பொங்கிரும்."

"எப்போ தாண்டுவீங்க?"

"அது பாறையோட மனசைப் பொறுத்தது. ஆனா எனக்குப் போட்டிருக்கிற உத்தரவு வேற. ரிசல்ட் வர்ற வரைக்கும் தோண்டு, ரிசல்ட் வந்த நிமிஷம் குழாயை உருவிக்கிட்டுக் கிளம்புன்னு சொல்லியிருக்காரு."

"அவர் ஜெயிச்சாலுமா?"

அபுந்தியோ மென்றுகொண்டே அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஜெயிச்சா அப்புறம் எதுக்கும்மா தோண்டணும்?"

எலோடியா அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள். அவள் ஜெயித்தாலும் லாரி போகும். தோற்றாலும் போகும். ஜெயிக்காமலும் தோற்காமலும் இருக்கும்வரைதான் தோண்டுவார்கள். பதவிக்குப் போய் அவள் ஒரு போர்வெல் லாரி கேட்டால், அதே மாட்டுக்காரர் சங்கத்திடம்தான் கை நீட்ட வேண்டும். நகராட்சிக்குச் சொந்தமாக இருந்தது டயர் இல்லாத ஜீப் ஒன்றும் கொடி ஒன்றும்.

மறுதேர்தலுக்கு முந்தின நாள் ஒஃபேலியாவின் அடுப்படியில் ஊர் கூடியது. எலோடியா விஷயத்தை உடைத்தாள்.

"நாளைக்கு யாரும் ஓட்டுப் போடாதீங்க. எனக்கும் போடாதீங்க, அவருக்கும் போடாதீங்க. பெட்டி காலியா இருந்தா ரெண்டு பேரும் சமம். திரும்பவும் தேதி குறிக்கணும். அதுக்குள்ள தண்ணி வந்துரும்."

"அப்போ நீ தலைவி ஆக வேணாமா?" என்று ஒரு கிழவர் கேட்டார்.

வேண்டும்தான். ரொம்பவும் வேண்டும். அந்த நாற்காலியில் தன்னைக் கற்பனை செய்து பார்த்தே பல இரவுகள் தூங்காமல் கிடந்தவள் அவள். ஆனால், "தண்ணி வந்த பிறகு ஆகிக்கிறேன் பெரியவரே. தாகத்தோட தலைவியாகி என்ன பண்ணப்போறேன்?" என்றாள்.

எல்லாரும் சத்தியம் செய்தார்கள். ஒஃபேலியா மட்டும் இழுத்தாள்.

"நிக்காசியோகிட்ட யாரு சொல்றது?"

எல்லாரும் எலோடியாவைப் பார்த்தார்கள்.

"அவரு கொப்பரையை விட்டுட்டு எங்க வரப்போறாரு?" என்றாள் எலோடியா. "போன தடவையே ஓட்டுப் போட வரலை, நெருப்பு அணைஞ்சிரும்னு உக்காந்திருந்தாரு. நான் ஆள் அனுப்ப மாட்டேன். என்னைக் கெஞ்ச வெக்காதீங்க."

யாரும் வற்புறுத்தவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்துக் கொட்டகையில் வக்கீல் இபார்ரா பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இருபக்கமும் சிப்பாய்கள். பத்தடி தள்ளி, கருவேல மர நிழலில், ஊர் மொத்தமும் குளித்துத் தலைவாரி வந்து உட்கார்ந்து, ஓட்டுப் போடாமல் இருந்தது. வக்கீல் நெளிந்தார். எழுந்து வந்து ஜனநாயகத்தைப் பற்றிப் பேசினார். எல்லாரும் கைதட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். எலோடியா எழுந்து அவர் பக்கம் போனபோது, முதல் ஓட்டு என்று அவர் முகம் மலர்ந்தது.

"காப்பி குடிக்கிறீங்களா வக்கீலய்யா?" என்று கேட்டாள் அவள்.

மத்தியானம் தோன் ரொசெந்தோ ஓர் ஆட்டை அறுத்து நெருப்பில் வாட்டிக்கொண்டு வந்தார். ஊர் சாப்பிட்டது. கையைக் கழுவியது. திரும்ப நிழலில் போய் உட்கார்ந்தது.

"எனக்குப் போடாட்டியும் போங்கடா, அவளுக்காவது போட்டுத் தொலைங்களேன்!" என்று கடைசியில் அவரே கத்திவிட்டார். லாரிக்கு ஊற்றுகிற டீசல் அவர் பையிலிருந்து போய்க்கொண்டிருந்தது.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இயந்திரம் பாறையைக் குடைந்துகொண்டிருந்தது. சத்தம் மாறிவிட்டது, மேஸ்திரி காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று ஒருவன் ஓடிவந்து சொன்னான். எலோடியா கண்ணை மூடிக்கொண்டாள். பொழுது சாய்ந்தது. பெட்டியை மூடும் நேரம் நெருங்கியது.

அப்போதுதான் நிக்காசியோ வந்தான்.

கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டிருந்தான். பொத்தான் எட்டவில்லை. கண்ணைச் சுற்றியிருந்த கரியெல்லாம் போக முகத்தைத் தேய்த்துக் கழுவியிருந்தான். கொப்பரை நெருப்பை முதல்முறையாக யாரும் பார்த்துக்கொள்ளாமல் விட்டுவிட்டு வந்திருந்தான். யாரையும் பார்க்காமல் நேராகப் பெட்டியை நோக்கி நடந்தான்.

எலோடியா துள்ளி எழுந்தாள். "கிழவா, நில்லு!"

இத்தனை வாரங்களுக்குப் பிறகு அவள் அவனிடம் பேசிய முதல் வார்த்தை. அவன் நின்றான். திரும்பிப் பார்த்த முகத்தில் அப்படியொரு வலி.

"இன்னைக்கும் என்னை நம்பலையா நீ?"

"அதில்ல, கேளு, ஓட்டுப்..."

சிப்பாய் குறுக்கே வந்து துப்பாக்கியை நீட்டினான். வக்கீல் பாய்ந்து எழுந்தார். "வாக்காளர்கிட்ட பேசக்கூடாதும்மா! வேட்பாளர் வாக்குச்சாவடிக்குள்ள குறுக்கிட்டா அது குற்றம்! நீங்க வாங்க ஐயா, வாங்க வாங்க." காலையிலிருந்து அவருக்குக் கிடைத்த ஒரே வாக்காளர். உட்கார நாற்காலிகூடப் போட்டார்.

நிக்காசியோ சீட்டை வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனான். வெகுநேரம் வரவில்லை. அவனுக்கு வாசிக்கத் தெரியாது, படம் பார்த்துத்தான் போட வேண்டும். பிறகு வெளியே வந்து, சீட்டைப் பெட்டியில் போட்டான். கட்டைவிரலில் மை வைத்தார்கள். அதை ஊர் பார்க்கட்டும் என்று தூக்கிப் பிடித்தான்.

கருவேல மர நிழலில் ஒஃபேலியா சால்வை நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மணி அடித்தது. வக்கீல் முத்திரையை உடைத்து, பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஒற்றைச் சீட்டை எடுத்தார். தோன் ரொசெந்தோ முன்னால் வந்து நின்றார். எலோடியாவுக்கு நன்றாகத் தெரியும், அதில் யார் பெயர் இருந்தாலும் லாரி போய்விடும். தண்ணீர் போய்விட்டது. இருந்தும், வெட்கக்கேடு, அவள் நெஞ்சு வேறு எதற்காகவோ அடித்துக்கொண்டது. என் பேராக இருக்க வேண்டும், கடவுளே, என் பேராக இருக்க வேண்டும்.

"எலோடியா," என்று படித்தார் வக்கீல். "ஒரு ஓட்டு. அழுத்திப் போட்டதுல சீட்டு கிழிஞ்சிருக்கு. ஆனாலும் செல்லும். ஒரு ஓட்டு வித்தியாசத்துல வெற்றி."

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இயந்திரம் நின்றது. அந்த அமைதி ஊர்முழுக்கப் பரவியது. குழாய்களை உருவும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தது. நிழலில் இருந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. பெண்கள் அழுதார்கள். கிழவர் ஒருவர் தரையைப் பார்த்துக்கொண்டே கன்னத்தைத் துடைத்தார்.

நிக்காசியோ மை விரலோடு அவளிடம் வந்தான்.

"இப்பவாவது நம்புறியா கிழவி?"

அவனை என்ன வேண்டுமானாலும் திட்டியிருக்கலாம். ஊரே அதற்காகக் காத்திருந்தது. ஆனால் யாரைத் திட்டுவது? ஒரு வார்த்தை சொல்லி அனுப்பாதது யார்?

"நம்புறேன்," என்றாள். அவன் கோட்டின் காலரைச் சரிசெய்தாள்.

அவன் சுற்றிலும் பார்த்தான். "ஏன் எல்லாரும் அழுறாங்க?"

"சந்தோஷத்துல," என்றாள் எலோடியா.

தலைவியான பிறகு அவள் சொன்ன முதல் பொய் அதுதான். சொல்லிவிட்டு ஊரைப் பார்த்தாள். அவள் அப்படிப் பார்த்தால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்? ஒஃபேலியா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கைதட்ட ஆரம்பித்தாள். கிழவர் தட்டினார். பிறகு எல்லாரும் கண்ணீரோடு கைதட்டினார்கள். போர்வெல் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு அவர்களைக் கடந்து போனது. அதுவும் தனக்குத்தான் என்று நினைத்து, நிக்காசியோ தொப்பியைக் கழற்றி லாரிக்கும் ஒரு வணக்கம் வைத்தான்.